ரேடியேட்டருக்குள் தண்ணீர் வேகமாக ஓடலாமா?

கேள்வி: கோடை உழவில் என் டிராக்டர் எஞ்சின் கொதிக்கிறது. சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வை மெக்கானிக் கழற்றிவிட்டார், அப்படியும் சூடு குறையவில்லை. "தண்ணீர் வேகமா ஓடிருது, ரேடியேட்டர்ல ஆற நேரமில்லை" என்று ஹோஸுக்குள் சின்ன ஓட்டை உள்ள வாஷர் போடச் சொல்கிறார். போடலாமா ஐயா?
- வாசகர், மணப்பாறை

பதில்: வேண்டாம் தம்பி, எஞ்சின் இன்னும் சூடாகும். 29 வருஷம் கடலோர அனல்மின் நிலையம் ஒன்றில், நீராவியைக் குளிரவைத்துத் திரும்பத் தண்ணீராக்கும் கண்டென்சரின் குழாய்களோடு பழகியவன் நான். இந்த 'ஆற நேரமில்லை' என்ற பேச்சை அங்கும் நிறையக் கேட்டிருக்கிறேன்.

மெதுவாகப் போனால் ஒவ்வொரு லிட்டரும் கூடுதலாக ஆறும் என்பது உண்மைதான். ஆனால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆறுகிறது என்பதையும் பாருங்கள். உதாரணமாக, நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓடி 90 டிகிரியிலிருந்து 80க்கு இறங்குகிறது என்று வையுங்கள். லிட்டரை டிகிரியால் பெருக்கினால் 600. வாஷர் போட்டு 30 லிட்டராக்கினால் அது 72 வரைகூட இறங்கலாம். 30ஐ 18ஆல் பெருக்கினால் 540தான். எஞ்சின் கொடுக்கும் சூடோ அதே அளவு. மிச்சம் எங்கே போகும்? எஞ்சினுக்குள்ளேயே தங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வாளி வெந்நீரில் கையை அசைக்காமல் வைத்தால் பொறுக்க முடிகிறது, கையை அசைத்தால் சுரீர் என்கிறது இல்லையா? தோலை ஒட்டி நிற்கும் மெல்லிய நீர்ப்படலம் சூட்டைத் தடுக்கிறது. அசைத்ததும் அது மெலிந்துவிடுகிறது. குழாய்ச் சுவரிலும் இதே கதைதான். கொந்தளித்து ஓடும் நீரின் வேகத்தை இரட்டித்தால், சுவருக்கும் நீருக்கும் இடையே சூடு கடக்கும் திறன் ஏறத்தாழ 1.7 மடங்காகிறது. அதற்குப் பம்பு படும் பாடு அதிகம். உராய்வு அழுத்தம் மூன்றரை, நான்கு மடங்கு ஏறும். வேகத்துக்கு வரம்பு வைப்பது இதற்காகவும் குழாய் அரிக்காமல் இருக்கவும்தான், ஆறுவதற்காக அல்ல.

தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாக எஞ்சினுக்கே திரும்பும். சில எஞ்சின்களில், சூடேறியதும் அந்தக் குறுக்கு வழியை அடைப்பதும் இதே வால்வுதான். கழற்றிவிட்டால் ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேட்டரைப் பார்க்காமலே சுற்றிக்கொண்டிருக்கும்.

அப்புறம், போர்வெல் தண்ணீரா ஊற்றுகிறீர்கள்? ஒரு மில்லிமீட்டர் உப்புப் படிவு, சூட்டைத் தடுப்பதில் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் இரும்புக்குச் சமம். எங்கள் மின் நிலையத்தில் கண்டென்சரைத் திறந்து குழாய்க்குள் டார்ச் அடித்தால் மறுமுனையில் முழு நிலா மாதிரி வெளிச்சம் தெரிய வேண்டும். தண்ணீர் மந்தமாக ஓடிய குழாய்களில் அது பிறையாகத் தெரியும். உள்ளே சேறும் சிப்பியும் ஒட்டியிருக்கும். உங்கள் ரேடியேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வெளிப்பக்கத் தகடுகளில் அடைந்த தூசி, வைக்கோலையும் ஊதி எடுக்க வேண்டும். உங்கள் நோய் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: மொட்டைமாடி சோலார் ஹீட்டரிலிருந்து குளியலறைக்கு 15 மீட்டர். வெந்நீர் சீக்கிரம் வரட்டும் என்று அரை அங்குலக் குழாயை எடுத்துவிட்டு ஒரு அங்குலம் போட்டேன். இப்போது முன்பைவிட நேரமாகிறதே?
- வாசகி, காரைக்குடி

பதில்: குழாயில் ஆறிக் கிடக்கும் தண்ணீர் முழுக்க வெளியேறிய பிறகுதான் அம்மா வெந்நீர் வரும். உள்விட்டம் 15 மில்லிமீட்டர் என்றால் அந்த 15 மீட்டரில் 2.65 லிட்டர் நிற்கும். 25 மில்லிமீட்டர் என்றால் 7.4 லிட்டர். நிமிடத்துக்கு 4 லிட்டர் வரும் குழாயில் 40 விநாடி எங்கே, இரண்டு நிமிடம் எங்கே! அரை அங்குலத்துக்கே திரும்புங்கள். தொட்டி உயரம் குறைவு, அழுத்தம் போதவில்லை என்றால் முக்கால் அங்குலம் போதும். கறுப்பு ஃபோம் உறை மாட்டுங்கள். அடுத்தடுத்துக் குளிப்பவர்களுக்காவது சூடு தங்கும். முதலில் வரும் தண்ணீரை வாளியில் பிடித்துத் துணி அலசுங்கள்.

கேள்வி: குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் கண்ணாடிக் குச்சி போல விழுகிறது. நிறையத் திறந்தால் கலங்கி விழுகிறது. ஏன்?
- ஒன்பதாம் வகுப்பு மாணவி, சிவகாசி

பதில்: நல்ல கண் உனக்கு! மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதைத்தான் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுப் பார்த்து 1883இல் எழுதினார். மெதுவாக ஓடும்போது சாயம் நூல் பிடித்தது போல நேராகப் போனது. வேகம் கூடியதும் ஓரிடத்தில் நூல் சுருண்டு, குழாய் முழுக்கக் கலந்துவிட்டது. வேகத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் பிசுக்கைக் குறிக்கும் எண்ணால் வகுத்தால் வருவது ரெனால்ட்ஸ் எண். அது சுமார் 2,000க்குக் கீழே இருந்தால் ஓட்டம் சீராக இருக்கும். வீட்டு அரை அங்குலக் குழாயில் ஒரு லிட்டர் செம்பு நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால், உள்ளே தண்ணீர் அந்த நூல் மாதிரிதான் போய்க்கொண்டிருக்கிறது. செம்பையும் கடிகாரத்தையும் வைத்துப் பார்த்துவிட்டு எழுது.