கேளுங்க சொல்றோம்: அந்தப் பழைய ஸ்டீல் ஃப்ரேமை விட்றாதீங்க

கேள்வி: அண்ணா, நான் வான்கூவர்ல இருக்கேன். ஒரு கராஜ் சேல்ல பழைய ப்ரோடி மவுண்டன் பைக் ஃப்ரேம் பார்த்தேன், ஸ்டீல், சஸ்பென்ஷன் கிடையாது, பெயின்ட் வேற உரிஞ்சிருக்கு. கூட வந்த ஃப்ரெண்ட் இதெல்லாம் பழைய இரும்புக்குத்தான் போகும்ங்கறான். வாங்கலாமா?

பதில்: இன்னும் அங்கயே கெடந்தா இன்னிக்கே போய் எடுத்துட்டு வந்துடுங்க தம்பி. பால் ப்ரோடி மொதல்ல ராக்கி மவுண்டன்ங்கற சைக்கிள் கம்பெனிக்கு ஃப்ரேம் கட்டிட்டு இருந்தவர், 80கள் நடுவுல வெளிய வந்து தன் பேர்லயே கட்ட ஆரம்பிச்சார், அப்பல்லாம் மவுண்டன் பைக்குக்கும் மேல் ட்யூப் ரோடு பைக் மாதிரி நேராத்தான் போகும், ஆனா உங்க நார்த் ஷோர் மலை எப்படின்னு உங்களுக்கே தெரியும், எப்பவும் ஈரம், எங்க பார்த்தாலும் மரவேர், வழுக்குப் பாறை, சட்டுனு கால ஊன வேண்டி வந்தா அந்த ட்யூப் இடிச்சு உயிர் போயிடும். அவர் அதை சீட் பக்கமா நல்லா சரிச்சு இறக்கிட்டார். ட்யூபெல்லாம் சேர்ந்து போடற முக்கோணம் சின்னதானதால ஃப்ரேமும் விறைப்பாச்சு. இன்னிக்கு கடைல நிக்கற மவுண்டன் பைக்கெல்லாம் அப்படித்தான் சரிஞ்சு இருக்கு, அதுக்கு வழி போட்டவங்கள்ல அவர் ஒருத்தர். இதைப் போய் பழைய இரும்புன்னா எனக்கு மனசு கேக்கல.

வாங்கறதுக்கு முன்னாடி ட்யூப் சேர்ற எடத்துல விரலை வெச்சுத் தடவிப் பாருங்க. மெழுகு வழிஞ்சு உறைஞ்ச மாதிரி வழவழன்னு இருந்தா பித்தளையை உருக்கி ஊத்தி, அப்புறம் மணிக்கணக்கா அரம் போட்டு ராவினது. மீன் செதில் மாதிரி வரிவரியா இருந்தா டிக் வெல்டிங், அதாவது மின்சாரப் பொறியில ஸ்டீலையே உருக்கி ஒட்டறது, அதுவும் கைவேலைதான், குறைச்சலா நினைக்காதீங்க. ஒண்ணு மட்டும், ப்ரோடி ஸ்டிக்கர் இருக்கறதெல்லாம் அவர் கையால கட்டினது இல்ல, அந்த பிராண்டுல பின்னாடி வந்ததுல நிறைய தைவான்ல செஞ்சது. அப்புறம் ஹேண்டில்பார் பக்கம் கீழ் ட்யூபோட அடியில பெயின்ட் சுருங்கியோ ட்யூப் லேசா புடைச்சோ இருந்தா எங்கயோ நேரா மோதியிருக்கு, வேண்டாம். சீட் போஸ்ட்டை உருவ முடியுதான்னும் பாருங்க, அலுமினியம் போஸ்ட் ஸ்டீலுக்குள்ள வருஷக்கணக்கா கெடந்தா அப்படியே பிடிச்சுக்கும். நான் ஒருதடவை இதைப் பார்க்காம வாங்கிட்டு வந்து ரெண்டு நாள் மல்லாடினேன்.

கேள்வி: இப்பவும் கனடால யாராவது கையால கட்டறாங்களா?

பதில்: பெரிய பிராண்டு ஃப்ரேமெல்லாம் பெரும்பாலும் ஆசியாவுக்குப் போயிடுச்சு. ஆனா கை விட்டுப் போகல. 2003ல விஸ்லர்ல ஆரம்பிச்ச க்ரோமாக்ங்கற கம்பெனிக்காரங்க, மைக் ட்ரூலவ், கிறிஸ் டிகர்ஃப் மாதிரி அந்தப் பக்கத்துப் பழைய கைங்களை வெச்சே ஸ்டீல் ஃப்ரேம் கட்ட வெச்சாங்க. க்வாட்ரா தீவுல நேக்கட்ங்கற பேர்ல கட்டின சாம் விட்டிங்ஹாம், 2009ல கூடு போட்ட படுக்கை சைக்கிள்ல மணிக்கு 133 கிலோமீட்டர் மிதிச்ச மனுஷன். ப்ரோடி அபட்ஸ்ஃபர்டுல ஃப்ரேசர் வேலி யுனிவர்சிட்டில ஃப்ரேம் கட்டற கோர்ஸே நடத்தினார், யூட்யூப்ல அவர் வீடியோவும் இருக்கு. ட்யூப் நுனியை இன்னொரு ட்யூபோட வளைவுக்கு ஏத்த மாதிரி வெட்டி ராவி, வெளிச்சம் புகாத அளவுக்கு ஒக்கார வைக்கணும், அதுக்கப்புறம்தான் நெருப்பையே தொடணும், அந்தப் பொருத்தத்தை மட்டும் உன்னிப்பா கவனிங்க.