குட்டி யானையா, டாரஸா? ராணுவச் சரக்கு விமானம் வாங்கும் கணக்கு

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன், எம்.பி.ஏ. மாணவன். திட்ட அறிக்கைக்காக ஒரு சிறிய நாட்டுக்கு ராணுவப் போக்குவரத்து விமானம் தேர்வு செய்ய வேண்டும். 60 வீரர்கள், ஒரு ஜீப்பையும் சேர்த்து 5 டன் பொருள், 800 கி.மீ. தள்ளி ஒரு மலையடிவாரம். பழைய சி-130 (அமெரிக்காவின் நான்கு என்ஜின் சரக்கு விமானம்) ஒன்று வாங்கினால் மலிவாக முடியாதா?

பதில்: தம்பி, லீ பஜாரில் இருந்து ஏற்காட்டுக்கு மூட்டை அனுப்புகிறவர் டாரஸ் லாரி பிடிப்பாரா? வாடகை குறைவு என்றாலும் பிடிக்க மாட்டார். இருபது கொண்டை ஊசி வளைவுக்குக் குட்டி யானைதான் சரி, இரண்டு நடை அடித்தாலும் பரவாயில்லை. உங்கள் கேள்விக்கும் கிட்டத்தட்ட அதே பதில்தான்.

முதலில் எடை. முழு மூட்டை முடிச்சோடு ஒரு வீரருக்கு 110 கிலோ போடுங்கள். 60 பேருக்கு 6.6 டன், பொருளோடு 11.6 டன். சி-130-இன் புதிய வடிவமான சி-130ஜே சுமார் 19 டன் தூக்கும், ஒரே நடையில் வேலை முடியும். நம் குட்டி யானை, அதாவது ஏர்பஸ்ஸின் இரட்டை என்ஜின் சி-295, அதிகபட்சம் 9 டன் சொச்சம்தான். ஆனால் அந்த 9 டன்னையும் ஏற்றினால் அது பறப்பது சுமார் 1,300 கி.மீ. போய்வர உங்களுக்கு 1,600 வேண்டுமே. அங்கே எரிபொருள் கிடைக்கும் என்று நம்பக்கூடாது. 6 டன்னோடு நிறுத்தினால் 3,700 கி.மீ. வரை போகும். ஆக, 30 பேரும் 2.5 டன்னும் ஒரு நடை, மிச்சம் அடுத்த நடை. தலா 5.8 டன், கச்சிதமாக உட்காருகிறது.

அடுத்தது இடம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஜவ்வரிசி மூட்டை ஏற்றினால் எடை முதலில் முட்டும், தேங்காய் நார் ஏற்றினால் இடம் முதலில் தீரும். ராணுவச் சரக்கு பெரும்பாலும் நார் ஜாதி. சி-295-இன் சரக்கறை நீளம் 12.7 மீட்டர், தாராளம். உயரம் 1.9 மீட்டர், அதாவது ஆறே கால் அடிதான். கூரை உயர்த்திய ஆம்புலன்ஸ் பின்பக்கச் சாய்தளத்தோடு நின்றுவிடும். சி-130-இல் 2.7 மீட்டர், அந்தத் தொல்லை இல்லை.

இறங்கும் தளம் எப்படி? நம் சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் ஓடுதளம் சுமார் 1,800 மீட்டர், அது இருந்தால் எதுவும் கவலையில்லை. சி-295-க்கு 670 மீட்டர் மண் தளம் போதும் என்கிறார் தயாரிப்பாளர். அது முழுச் சுமைக்கான கணக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மலை, வெயில் இரண்டும் சேர்ந்தால் காற்றின் அடர்த்தி குறையும், என்ஜின் இழுவையும் இறக்கை தூக்குவதும் குறையும். பழைய கார்புரேட்டர் ஸ்கூட்டரில் ஏற்காடு ஏறியவர்களுக்கு இது புரியும். உங்கள் தளம் மிக உயரத்தில் இருந்தால் என் பதிலே மாறும். 2013 ஆகஸ்டில் லடாக்கில் 5,065 மீட்டர் உயரத்து தவுலத் பேக் ஓல்டியில் நம் விமானப்படை இறக்கியது நான்கு என்ஜின் சி-130ஜேயைத்தான்.

இப்போது பணம். பழைய விமானத்தின் விலை மலிவுதான், உதிரிபாகம் மலிவில்லை. நம் விமானப்படையின் பழைய சரக்கு விமானங்களான ஏஎன்-32-களை மேம்படுத்த 2009-ல் உக்ரைனோடு இந்தியா ஒப்பந்தம் போட்டது. ரஷ்யா-உக்ரைன் மோதல் தொடங்கிய 2014-க்குப் பிறகு பாகங்கள் வருவது சிக்கலானது. சி-295-இல் இருப்பது பிடபிள்யூ127 குடும்ப என்ஜின். காமலாபுரத்துக்கு வந்து போகும் ஏடிஆர் 72 பயணிகள் விமானத்திலும் அதே குடும்பம்தான். உலகம் முழுக்க அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் உண்டு. ஆயிரம் கி.மீ.க்குள் அடிக்கிற நடைக்கு முன்னால் விசிறி சுழலும் இந்த டர்போபிராப் வகைதான் எரிபொருளைக் கையடக்கமாக வைக்கும்.

அப்புறம், 2021-ல் இந்தியா 56 சி-295-க்குப் போட்ட சுமார் 21,935 கோடி ரூபாய் ஒப்பந்தத்தை 56-ஆல் வகுத்து 'ஒன்றின் விலை' என்று எழுதிவிடாதீர்கள். துணைக் கருவிகளும் அதில் சேர்த்தி. 40 விமானங்களை வதோதராவில் செய்யும் ஏற்பாடும் உண்டு.

என் தேர்வு இரண்டு சி-295. ஒற்றை சி-130 பராமரிப்புக்குப் போனால் 60 பேரும் கொட்டகையில் உட்கார வேண்டியதுதான். ஒரே ஒரு நிபந்தனை: அந்த ஜீப்பின் உயரத்தை, மேலே உள்ள ஆன்டெனா கம்பியோடு சேர்த்து, டேப் வைத்து அளந்து அறிக்கையில் எழுதுங்கள்.