அறுவையின் நடுவே வரும் செல் பரிசோதனை முடிவை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: என் அக்காவின் மார்பகக் கட்டிக்குச் செய்த ஊசிப் பரிசோதனையில் தெளிவான முடிவு வரவில்லை. கட்டியை அகற்றும்போதே செல்களைப் பார்த்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடலாம் என்கிறார் மருத்துவர். அதை மட்டும் வைத்து மார்பகத்தையே எடுத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறோம்.

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. புற்று என்று வரும் முடிவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். புற்று இல்லை என்று வருவதை மட்டும் இறுதியாகக் கொள்ளக் கூடாது.

அகற்றிய கட்டியை நோயியல் மருத்துவர் புதிய கத்தியால் இரண்டாக வெட்டுவார். புற்றுக்கட்டியாக இருந்தால் அப்போதே மணலை அறுப்பதுபோலக் கத்தி நறநறப்பது உண்டு. வெட்டிய பரப்பில் இரத்தத்தை ஒற்றி எடுத்துவிட்டு, கண்ணாடித் தகட்டை இழுக்காமல் மெல்ல ஒற்றி, உலர்வதற்குள் ஆல்கஹாலில் இட வேண்டும்; சற்றே தாமதித்தாலும் உட்கரு உப்பிப்போய்த் தோற்றம் மாறிவிடும். சாயமேற்றிப் பார்க்கையில், ஃபைப்ரோஅடினோமா எனும் புற்றல்லாத கட்டியில் செல்கள் தேன்கூடுபோல ஒட்டிய தகடுகளாகவும், இடையிடையே செல் உடல் நீங்கிய சிறிய வெற்று உட்கருக்களாகவும் தெரியும். புற்றிலோ செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, பெருத்த, ஒழுங்கற்ற உட்கருக்களோடு சிதறிக் கிடக்கும். 1927இல் டட்ஜன், பேட்ரிக் என்ற ஆய்வாளர்கள் விவரித்த இம்முறைக்கு, திசுவை உறையவைத்து மெல்லிதாக வெட்டும் குளிர்வெட்டுக் கருவி தேவையில்லை. அப்படி வெட்டும்போது மார்பகக் கொழுப்பு தரும் தொல்லையும் இதில் இல்லை.

ஆனால் செல்கள் திசுவின் அமைப்பைக் காட்டுவதில்லை. ஆகவே பால்நாளத்துக்குள் அடங்கிய புற்றா, வெளியே ஊடுருவிய புற்றா என்பதை இதனால் பிரித்துச் சொல்ல முடியாது. லோபுலர் எனும் மார்பகப் புற்று வகையில் செல்கள் சிறியவை; நார்த்திசு மிகுந்திருப்பதால் தகட்டில் குறைவாகவே ஒட்டும். அதனால் அது கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும்.

எனவே முழு மார்பகத்தையும் எடுக்கும் முடிவை, திசுவைப் பாரஃபின் மெழுகில் பதித்து வெட்டிப் பார்த்துச் சில நாட்களில் தரும் அறிக்கைக்குப் பிறகு எடுப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து. ஊசிப் பரிசோதனை என்றது மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சியதென்றால், அறுவைக்கு முன்பே கோர் பயாப்ஸி (தடித்த ஊசியால் சிறு திசுத்துண்டு எடுக்கும் பரிசோதனை) செய்ய இயலுமா என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன், ‘புற்று எனில் மார்பக நீக்கம்’ என்ற வரி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இருந்தால், கட்டியை மட்டும் அகற்றுவதற்கே ஒப்புதல் என்று எழுதித் தரும் உரிமை உங்கள் அக்காவுக்கு உண்டு. அவர் கருவுற்றிருந்தாலோ பாலூட்டிக்கொண்டிருந்தாலோ அதையும் மறவாமல் சொல்லுங்கள்: அக்காலத்தில் இயல்பான செல்களே பெருத்து, புற்றோ என்று ஐயுற வைக்கும்.