பிடிச்ச ஆளுக்கு லீவு, பிடிக்காத ஆளுக்கு மெமோ

ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, சிப்காட் கம்பெனின்னு நெல்லைப் பக்கம் பல இடங்களில் எச்ஆர் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அக்கா பதில் சொல்கிறார். வேலையிடத்து ஈர்ப்பு நம் நியாயத்தை என்ன செய்கிறது என்பதுதான் பேச்சு.

வண்ணார்பேட்டை, ஜவுளிக்கடை சூப்பர்வைசர்: அக்கா, என் செக்‌ஷன்ல ஒரு பிள்ளை மேல எனக்கு விருப்பம். அவகிட்டகூட சொல்லல. மனசுல இருந்தாலே தப்பா?

மனசுல இருக்கதை யாரும் கேக்க முடியாது தம்பி. தீபாவளி சீசன்ல லீவு யாருக்குக் கிடைச்சுது, குடோன்ல பண்டல் தூக்குத வேலை யார் தலையில விழுந்துது? அதைக் கேப்பாவ. லீவு நோட்டை எடுத்து மூணு மாசத்தைப் புரட்டிப் பாருங்க. அவ பேரு எங்க எல்லாம் இருக்குன்னு நீங்களே சொல்லுவீங்க.

கங்கைகொண்டான், புரொடக்‌ஷன் மேனேஜர்: நான் வேலையைப் பார்த்துத்தான் மார்க் போடுதேன். முகத்தைப் பார்த்து யாரும்மா போடுவா?

எல்லாரும் இதைத்தான் சொல்லுதாவ அண்ணாச்சி. 1974-ல லாண்டி, சிகால்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் காலேஜ் பையங்கள்ட்ட கட்டுரை கொடுத்து மார்க் போடச் சொன்னாவ. எழுதினவ படம்னு சிலருக்கு அழகான பொண்ணு படம், சிலருக்கு அழகு குறைஞ்ச படம், சிலருக்குப் படமே இல்ல. அதே கட்டுரைதான், ஆனா அழகான படம் இருந்ததுக்கு மார்க் கூட. அதுலயும் கட்டுரை மட்டமா இருந்தப்போதான் வித்தியாசம் பெருசு.

நான் பார்த்ததும் அதான். நல்லா வேலை பார்க்குத ஆளுக்கு நம்ம தயவு தேவைப்படாது. சுமாரான ஆளுக்குத்தான் "பாவம், புதுசு, பழகிருவா"ன்னு நாமளே வக்கீலா நிக்கோம். அழகுக்காகப் போடுதோம்னு ஒருத்தருக்கும் தோணாது, இரக்கப்பட்டுப் போடுததாத்தான் தோணும். அதனாலதான் கண்டுபிடிக்கது கஷ்டம். உற்பத்தி எண்ணிக்கை, ரிஜெக்ட், வருகை மூணையும் பேர் இல்லாம ஒரு தாள்ல எழுதி வாங்குங்க. மார்க் போட்ட பிறகு பேரைப் பாருங்க.

மேலப்பாளையம்: ஆபீஸ் வேலையா நானும் எனக்குப் பிடிச்ச பிள்ளையும் சென்னையில தங்கணும். எனக்குக் கட்டுப்பாடு உண்டு, அந்த நேரம் பார்த்துக்கிடலாம்லா?

அந்த நேரத்து ஆளு வேற தம்பி. ஏரியலி, லோவன்ஸ்டீன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2006-ல ஒரு ஆய்வு வெளியிட்டாவ, அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகப் பையங்களை வச்சு. நிதானமா இருக்கையில "செய்ய மாட்டேன்"னு சொன்ன பல காரியத்துக்கு, பாலியல் கிளர்ச்சியில இருக்கையில "செய்வேன்"னு சாய்ஞ்சாங்க. பொய் சொல்லி இணங்க வைக்கதும் அதுல ஒண்ணு. டிக்கெட் போடும்போதே தனித்தனி ஹோட்டல், ராத்திரி வேலைப்பேச்சு கிடையாதுன்னு முடிவு பண்ணிருங்க.

பாளையங்கோட்டை: நானும் என் மேனேஜரும் விரும்புதோம். ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகல. யாருக்கு என்ன நட்டம்?

முதல் நட்டம் உனக்குத்தான்ம்மா. நீ உழைச்சு வாங்குத பிரமோஷனையும் அவரு கணக்குல எழுதிருவாவ. மெக்டொனால்ட்ஸ் தலைவர் ஸ்டீவ் ஈஸ்டர்புரூக் 2019-ல வேலையை இழந்தது, கம்பெனி ஊழியர் ஒருத்தரோட, ரெண்டு பேர் விருப்பத்தோட இருந்த உறவுன்னு சொன்ன ஒண்ணுக்காகத்தான். காதலிங்க, ஆனா உன் லீவுக்கும் சம்பளத்துக்கும் கையெழுத்துப் போடுத ஆளு அவரா இருக்கக் கூடாது. மேலதிகாரிகிட்ட சொல்லி ரிப்போர்ட்டிங்கை மாத்துங்க. ஊரு பேசும், அது வேற கதை.

அம்பாசமுத்திரம்: யாரும் தப்பா நினைக்கக் கூடாதுன்னு எனக்குப் பிடிச்ச பிள்ளைகிட்ட மட்டும் வேணும்னே கடுமையா இருக்கேன்.

அதுவும் ஓரவஞ்சனைதான். அவ என்ன பாவம் பண்ணுனா?

வள்ளியூர்: முதலாளி தப்பாக் கேட்டாரு, மாட்டேன்னேன். அன்னையிலிருந்து மெமோ. கடையில எட்டு பேருதான், புகார் விசாரிக்க கமிட்டி எல்லாம் கிடையாது.

இதுக்குப் பேரு ஈர்ப்பு இல்லம்மா, வேலையிடத்துல பெண்களைப் பாதுகாக்குத 2013 சட்டப்படி பாலியல் துன்புறுத்தல். 10 பேருக்குக் குறைஞ்ச இடம்னாலும், முதலாளி மேலயே புகார்னாலும் மாவட்ட அளவிலான உள்ளூர் குழு விசாரிக்கணும். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட சமூக நல அலுவலரைப் பாரு. கடைசியா நடந்ததுலேர்ந்து 3 மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். தக்க காரணம் இருந்தா குழு இன்னும் 3 மாசம் நீட்டலாம். விசாரணை நடக்கையில லீவு கேக்கவும் உனக்கு வழி இருக்கு. மெமோ ஒவ்வொண்ணையும் தேதியோட வச்சுக்கோ, வாட்ஸ்அப்பை அழிச்சிராத.

சுரண்டை: ஆம்பிளைகளை மட்டுமே சொல்லுதீங்களே அக்கா?

பொம்பளைங்களும் சாய்வாவ அண்ணாச்சி. நான் பார்த்த ஒரு மேடத்துக்கு, அந்த ஒரு பையன் லேட்டா வந்தா "பஸ் கிடைச்சிருக்காது", மத்தவங்க லேட்டா வந்தா "சோம்பேறிப் பயலுவ". லேட் ரெஜிஸ்டரை வாங்கி வேற ஆள் கையில கொடுத்தோம். கொஞ்ச நாள் என்கூடப் பேசல.