பலகாரத் தொழிலும் பட்டப்படிப்பும் – கடிதம்

வணக்கம் ஐயா,

நான் மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவள். கெடா மாநிலத்துச் சிந்தோக்கில் உள்ள பல்கலைக்கழகத்தில் கணக்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். முதுகுவலியால் அதை விட்டுவிட்டு இப்போது ஒரு தொழிற்சாலையில் பாதுகாவலராக இருக்கிறார். அம்மாவின் முறுக்குக்கு எங்கள் தாமான் குடியிருப்பில் நல்ல பெயர். முதலாம் ஆண்டில் அதைப் புலனத்திலும் (வாட்ஸ்அப்) டிக்டாக்கிலும் விற்கத் தொடங்கினேன். சென்ற தீபாவளிக்கு 150 டப்பா விற்றோம். டப்பா 20 ரிங்கிட், செலவு 11 ரிங்கிட், லாபம் 9 ரிங்கிட். ஆனால் அந்த வாரங்களில் ஓர் இடைத்தேர்வைத் தவறவிட்டேன், ஒரு பாடத்தில் வருகை குறைந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது, மதிப்பெண் சராசரியான சி.ஜி.பி.ஏ. 3.4இலிருந்து 2.7க்கு இறங்கிவிட்டது.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வேணாம்மா, வியாபாரம் நமக்கு ஒத்துவராது" என்கிறார் அப்பா. வளாகத்துக்கு வந்த ஒரு பேச்சாளரோ, பட்டம் வெறும் காகிதம், துணிந்தவர்கள் பாதியில் விட்டுத்தான் ஜெயித்தார்கள் என்றார். தோழிகள் ஓராண்டு படிப்பைத் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். இதில் இன்னொன்றும் உண்டு: முதலீட்டுக்காக அம்மா கூட்டு (சீட்டு) எடுத்து 2,000 ரிங்கிட் கொடுத்தது அப்பாவுக்குத் தெரியாது. நான் என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு முறைக்கு மேல் படித்தேன். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இன்று இந்த நிலையில் இருப்பதால் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். படிப்பை விட வேண்டாம், தள்ளிவைக்கவும் வேண்டாம், தொழிலை மூடவும் வேண்டாம். நீங்கள் இல்லாமல் ஒரு டப்பாகூட நகராது என்ற நிலையை மட்டும் இந்த ஆண்டு மாற்றியாக வேண்டும். உங்கள் சி.ஜி.பி.ஏ.வை இறக்கியது அந்த நிலைதான் என்று நான் நினைக்கிறேன்.

அப்பாவின் சொல்லைப் பழைய தலைமுறையின் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தோட்டத்து மனிதர்களுக்கு வியாபாரம் என்றால் அது பெரும்பாலும் கடைக்காரரின் 555 கடன் புத்தகம்தான். மாதச் சம்பளம் கைக்கு வருவதற்குள் அரிசியும் சர்க்கரையும் பாலும் அந்தச் சிறு நோட்டில் ஏறியிருக்கும். வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில், தோட்டங்கள் கைமாறியும் துண்டாடப்பட்டும் போன காலத்தைக் கண்டவர்களின் வீட்டில் பிறந்தவர்கள், மாதம் முடிந்தால் சம்பளம் வரும் ஒரு வேலைக்குப் பிள்ளையை அனுப்ப விரும்புவதில் தவறில்லை. ஆனால் "நமக்கு ஒத்துவராது" என்பதை நான் ஏற்கவில்லை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுவந்த 1960இல், நம் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் சீவியவர்களின் சிறு தவணைப் பணம் சேர்ந்துதான் தோட்டங்களை வாங்கியது. ஒழுங்கான கணக்கும் பொறுமையும் நம்மவர்களிடம் இருந்ததற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அப்பாவிடம் இதை வாதமாக வைக்காமல், அவர் அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில் பேச்சுவாக்கில் சொல்லிப் பாருங்கள்.

அந்தப் பேச்சாளர் சொன்னதில் எனக்குக் கோபமே வருகிறது. பில் கேட்ஸ் 1975இல் ஹார்வர்டிலிருந்து விடுப்பில்தான் போனார்; தொழில் சரிப்படாவிட்டால் திரும்பிச் செல்ல இடமும், பெயர்பெற்ற வழக்கறிஞரான தந்தையும் அவருக்கு இருந்தார்கள். நம் நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் வாடகைக் கார் செயலி நடத்தும் கிராப் நிறுவனத்தைப் பாருங்கள். அந்தோணி டானும் டான் ஹுய் லிங்கும் ஹார்வர்டில் முதுநிலை வணிகம் படிக்கையில் வணிகத் திட்டப் போட்டிக்காக எழுதிய யோசனைதான் அது. படித்து முடித்த பின்னரே, 2012இல், மைடெக்சி என்ற பெயரில் கோலாலம்பூரில் தொடங்கினார்கள். அந்தோணி டான் பெரிய வாகன நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விழுந்தால் தாங்கிக்கொள்ளச் சொத்து உள்ளவர்களின் கதையை, பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனில் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த மண்டபத்தில் பாதியை மறைத்துச் சொல்வது பொறுப்பற்ற செயல்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் முடிவு அதில்தான் இருக்கிறது. 9 ரிங்கிட் லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். 11 ரிங்கிட் செலவில் மாவு, உளுந்து, எண்ணெய், எரிவாயு, டப்பா, லேபிள் எல்லாம் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்; அம்மாவின் கை அதில் இல்லை. அம்மாவும் துணைக்கு இன்னொருவரும் நான்கு மணி நேரம் அடுப்படியில் நின்றால் 12 டப்பா சுடலாம் என்று வைத்துக்கொள்வோம். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதத்துக்கு 1,700 ரிங்கிட்; நம் கணக்குக்கு மணிக்கு 8.17 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். இருவரின் எட்டு மணி நேர உழைப்புக்கு 65.36 ரிங்கிட், அதாவது டப்பாவுக்கு ஏறத்தாழ 5.45 ரிங்கிட். மிச்சம் 3.55 ரிங்கிட். 150 டப்பாவுக்கு நீங்கள் 1,350 ரிங்கிட் சம்பாதித்ததாக நினைத்தது உண்மையில் 530 ரிங்கிட் சொச்சம்தான், அதிலும் இரவு பதினொரு மணிக்கு "அக்கா, இனிப்பு முறுக்கு இருக்கா?" என்று வந்த செய்திகளுக்குப் பதில் எழுதிய உங்கள் நேரம் இன்னும் சேரவில்லை. அடக்கவிலைக் கணக்கைப் பாடமாகப் படிப்பவர் நீங்கள். உங்கள் விரிவுரையாளர் இடுபணியில் இதைக் கேட்டிருந்தால் உழைப்புச் செலவை விட்டிருக்க மாட்டீர்கள். வீட்டு உழைப்பு என்பதால் விட்டீர்கள். விலையை உயர்த்துவதா, அளவைக் குறைப்பதா என்பதை இந்தக் கணக்கை முழுமையாக எழுதிய பிறகு அம்மாவும் நீங்களும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் விலையைத்தான் உயர்த்துவேன்.

இந்தக் கணக்கே ஓராண்டுத் தள்ளிவைப்புக்கும் பதில் சொல்கிறது. முறுக்கு ஒரு பருவத் தொழில். தீபாவளிக்கு முந்தைய சில வாரங்களுக்காக ஓராண்டை நிறுத்தினால், மார்ச் மாதத்தில் என்ன செய்வீர்கள்? தள்ளிவைக்கும் பருவங்களில் பி.டி.பி.டி.என். பணமும் வராது; வேலைக்குச் சேரும் நாளும் ஓராண்டு தள்ளிப் போகும். உடல்நலக் குறைவு, வீட்டில் பெரிய நெருக்கடி போன்ற காரணங்களுக்கு அந்த வழி இருக்கட்டும்.

அரசுப் பல்கலைக்கழகங்களின் முதல் பருவம் பொதுவாக அக்டோபரில் தொடங்குவதால், நம் பண்டிகைகள் எல்லாம் அந்தப் பருவத்துக்குள்ளேயே வந்து விழுகின்றன: தொடக்க வாரங்களில் தீபாவளி, முடிவு நெருங்கும்போது பொங்கல், மீள்பார்வையையும் தேர்வையும் ஒட்டித் தைப்பூசம். மலாய் மாணவர்களின் நோன்புப் பெருநாள் வணிகம் ஆண்டுதோறும் சில நாள் முன்னே நகர்ந்து போய்விடும். நமக்கு அந்த நகர்வு இல்லை, ஒவ்வோர் ஆண்டும் இதே மோதல்தான். எனவே உங்கள் தொழிலின் வேலையெல்லாம் ஆகஸ்டு, செப்டம்பர் விடுமுறையில் நடந்து முடிய வேண்டும். முறுக்கை அப்போதே சுட்டு வைக்க முடியாது. ஆனால் டப்பாவும் லேபிளும் வாங்கலாம், பழைய வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துப் பாதிப் பணத்தை முன்பணமாகப் பெற்று முன்பதிவை வாங்கலாம், இந்த ஆண்டு எத்தனை டப்பாவோடு நிறுத்துவது என்று முடிவு செய்யலாம். 2026இல் தீபாவளி நவம்பர் 8. அக்டோபர் நடுவில் ஒரு நாளைக் குறித்து, அதற்குப் பிறகு யார் கேட்டாலும், சொந்த அத்தையே கேட்டாலும், "இந்த ஆண்டு முடிந்துவிட்டது" என்று சொல்லிப் பழகுங்கள். கடினமான காரியம்தான், நம் குடும்பங்களில் இல்லை என்று சொல்வது மனத்தாங்கலாகிவிடும். ஆனாலும் தவறவிட்ட ஓர் இடைத்தேர்வை எந்த அத்தையாலும் திருப்பித் தர முடியாது.

அக்டோபருக்குப் பிறகு தொழிலுக்கான கைப்பேசி எண் அம்மாவின் கையில் இருக்கட்டும். வணிகத்துக்கான வாட்ஸ்அப் இலவசம். அதில் விலை, கடைசி நாள், வங்கி விவரம் எல்லாவற்றையும் தமிழில் ஒரே செய்தியாக எழுதித் தானாகப் பதில் போகும்படி வைத்துவிடலாம். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் கணக்கைப் பார்த்தால் போதும். பதிவும் அம்மாவின் பெயரில் இருப்பதையே நான் விரும்புவேன். நிறுவனங்களைப் பதியும் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் வணிகப் பெயரோடு தனிவணிகத்தைப் பதிய ஆண்டுக்கு 60 ரிங்கிட், சொந்தப் பெயரிலேயே நடத்தினால் 30 ரிங்கிட். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது விதி, நீங்கள் ஏற்கெனவே காலம் கடந்துவிட்டீர்கள், இந்த வாரமே முடியுங்கள். உணவைக் கையாளுகிறவர்களுக்கு டைபாய்டு தடுப்பூசியும் உணவு கையாளுவோர் பயிற்சியும் கட்டாயம். இவை கையில் இருந்தால், பிறகு சிறு தொழில்களுக்கு அரசு தரும் தெக்குன் கடனுக்கோ, இந்தியப் பெண்களுக்காகச் சிறுகடன் நிறுவனமான அமானா இக்தியார் நடத்தும் 'பெண்' திட்டத்துக்கோ அம்மா விண்ணப்பிக்க நினைக்கும்போது உதவியாக இருக்கும். அதற்கு இப்போது அவசரம் இல்லை.

படிப்பின் பக்கம் செய்ய வேண்டியது சிறிது, ஆனால் உடனே செய்ய வேண்டியது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 80 விழுக்காடு வருகை இல்லாதவர்களை இறுதித் தேர்வு எழுத விடுவதில்லை, சராசரி 2.0க்குக் கீழே போனால் பி.டி.பி.டி.என். பணத்தை நிறுத்திவைக்கும். 2.7 அவ்வளவு தொலைவில் இல்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்த விரிவுரையாளரை நேரில் பார்த்து நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டுத் தொழில் நடத்தும் கணக்கியல் மாணவி என்று தெரிந்தால், அடுத்த இடுபணிக்கு உங்கள் தொழிலையே ஆய்வுப்பொருளாக எடுக்க அவர் இடம் தரக்கூடும்.

கூட்டுப் பணம் மிஞ்சியிருக்கிறது. அதை அம்மாவின் அன்பாகவே பார்க்கிறேன், என்றாலும் கூட்டு நடத்துவதை இந்த நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது; பணத்தோடு ஒருவர் ஊரைவிட்டுப் போனால் அதை மீட்பது மிகவும் கடினம். எடுத்த கூட்டின் மீதித் தவணைகளைத் தொழில் வருமானத்திலிருந்து முதலில் கட்டி முடியுங்கள், அம்மா இன்னொன்றில் சேர வேண்டாம். அப்பாவிடம் இதை நீங்களும் அம்மாவும் சேர்ந்து சொல்ல வேண்டும். மூன்றாவது மனிதர் வழியாக அவர் காதுக்குப் போனால் உங்கள் தொழிலை அவர் பிறகு நம்பவே மாட்டார். நான் மேலே எழுதிய கணக்கை உங்கள் உண்மையான எண்களோடு ஒரு தாளில் எழுதி, அம்மாவின் கூலியையும் கட்ட வேண்டிய தவணையையும் அதில் காட்டி, டப்பா வாங்கப் போவதற்கு முன்பு அவர் முன்னால் வையுங்கள். எண்களில் சந்தேகம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்.