பெரும்பாக்கத்தில் எங்கள் தெருவருகே 400 வீடுகள் கொண்ட அடுக்குமாடி வரப்போகிறது. போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி ஆட்சேபிக்க முடியுமா?

ஆட்சேபிக்கலாம். ஆனால், காலையில் இப்போதே நகராத சாலை இனி என்ன ஆகும் என்று நீங்கள் கேள்வியில் எழுதியிருக்கும் கவலையை அப்படியே மனுவாக்கிக் கொடுத்தால், அது கோப்போடு கோப்பாகத் தூங்கும். பக்கத்து ஊரான மேடவாக்கத்தில் இதேபோன்ற ஒரு கட்டடத்துக்காக எங்கள் நலச்சங்கத்தின் சார்பில் மனு எழுதியவன் நான். எங்களுக்குப் பதில் வந்தது, அளந்து எழுதிய வரிகளுக்கு மட்டும்தான்.

முதலில் சாலையின் அகலம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) பின்பற்றும் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டருக்கு மேல் உயரும் கட்டடம் உயர்மாடிக் கட்டடம் ஆகும். சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) 2 என்றால், 18 மீட்டர் அகலச் சாலையில் உயர்மாடிக்கு 3.25 வரை கிடைக்கிறது. கட்டணம் செலுத்தினால் சாலை அகலத்தைப் பொறுத்து அதற்கு மேலும் கூடுதலாக வாங்கலாம். ஆகவே, எத்தனை வீடுகள் என்ற கணக்கே சாலையின் அகலத்திலிருந்துதான் தொடங்குகிறது. அந்த அகலம் மனைக்கு நேர் முன்னால் மட்டும் இருந்தால் போதாது, சாலை நெடுக 500 மீட்டர் தூரத்துக்காவது இருக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. இந்த விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதால், விண்ணப்பம் கொடுக்கப்பட்ட தேதியில் நடப்பில் இருந்த வாசகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான்: ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வண்டிகள் வருவதற்கு முன், டேப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். மனைக்கு முன்னால் சாலை தாராளமாக இருந்தது. சற்றுத் தள்ளி, டிரான்ஸ்பார்மருக்கும் டீக்கடையின் தகரக் கூரைக்கும் நடுவே அது கழுத்துப்போல் ஒடுங்கியது. ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு தண்ணீர் லாரியும் எதிரெதிரே வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டிய இடம் அது. ஆக்கிரமிப்பால் குறுகியிருந்தாலும் ஆவணத்தில் அகலம் முழுதாக இருக்கும் என்பதால், அலுவலர்கள் அதையே எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. எனவே நில அளவைத் துறையின் புல வரைபட நகலையும் வாங்கி, ஆவண அகலத்தையும் தரையில் உள்ள அகலத்தையும் ஒரே தாளில் அருகருகே எழுதுங்கள். புதிய கட்டடத்துக்காகச் சாலை விரிவாக்கப்படும் என்று சொன்னால், எதுவரை என்று கேளுங்கள். திட்ட அனுமதியின்போது தானமாகப் பெறப்படும் துண்டு நிலம் அந்த ஒரு மனையின் முகப்போடு முடிந்துவிடும். அடுத்த மனைக்காரர் கட்டும்வரை அது ஆட்டோ நிற்கவும் இளநீர் விற்கவும் மட்டுமே பயன்படும்.

நெரிசலை எண்ணாகவும் சொல்லலாம். கடைகளும் நிறுத்திய வண்டிகளும் உள்ள இருவழிச் சாலைக்கு, இந்தியச் சாலைகள் மாமன்றத்தின் 1990-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் (ஐ.ஆர்.சி. 106), இரு திசைகளும் சேர்த்து மணிக்கு 900 கார்களுக்கு நிகரான போக்குவரத்தை வரம்பாக வைக்கிறது, இருசக்கர வாகனங்கள் மிகுந்த சாலையில் ஒரு பைக்கை 0.75 என்று கணக்கிடுகிறது. காலையில் ஒரே மணி நேரத்தில் 400 வீடுகளிலிருந்து 200 கார்களும் 200 பைக்குகளும் புறப்படுவதாக வைத்துக்கொண்டால் 350 ஆகிறது; சாலையின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். என் அனுமானத்தை எடுத்துக்கொள்ளாமல், இப்போதுள்ள ஒரு அடுக்குமாடியின் வாயிலில் நின்று நீங்களே எண்ணிவிடுங்கள்.

என் கருத்தில், வெல்லக்கூடிய வாதம் வாயிலைப் பற்றியதுதான். உயர்மாடிக் கட்டடங்களுக்குப் போக்குவரத்துக் காவல்துறையின் தடையின்மைச் சான்று பெறப்படுகிறது. நுழைவும் வெளியேற்றமும் எங்கே என்பது அங்கே பார்க்கப்படும். எங்கள் பகுதியில் நடப்பதைச் சொல்கிறேன்: வாயிலை ஒட்டியே காவலர் அறையும் தடுப்புக் கம்பமும் இருக்கும், உணவு கொண்டுவரும் பையனின் பெயரைக் கேட்டு, வீட்டுக்குப் போன் செய்து, "அனுப்பலாமா சார்?" என்று காவலர் கேட்டு முடிப்பதற்குள் பின்னால் வந்த காரின் வால் சாலையில் நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் பின்னால் பள்ளி வேன். தடுப்புக் கம்பத்தை நான்கைந்து கார்கள் வளாகத்துக்குள்ளேயே நிற்கும் அளவுக்குத் தள்ளி வைக்கச் சொல்வது கட்டுநருக்குப் பெரிய செலவில்லை. எங்கள் மனுவில் அவர்கள் மறுபேச்சின்றி ஏற்ற ஒரே கோரிக்கை அதுதான். வலப்புறம் திரும்பும் வண்டிகள் எங்கே திரும்பும் என்பதையும் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதியும் தேவை. 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி இத்தகைய கட்டடங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கிடையாது என்பதால், யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். இந்த அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்ப ஆவணங்களைப் பார்க்கலாம். போக்குவரத்து ஆய்வு இணைக்கப்பட்டிருந்தால், வண்டிகளை எண்ணிய நாள் பள்ளி விடுமுறை நாளா என்று முதலில் பாருங்கள். மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ வழித்தடம் உங்கள் பக்கமாகத்தான் வருகிறது. மெட்ரோ வேலைக்காகச் சாலையில் தடுப்பு வைத்த காலத்தில் எடுத்த எண்ணிக்கை எந்தத் தரப்புக்கும் சான்றாகாது. அனுமதி வழங்கப்பட்டுவிட்டால் 30 நாட்களுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். நெரிசலை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போகச் சொல்ல மாட்டேன்.

கட்டுமானக் காலத்துக்கென்று தனிப் பத்தி எழுதுங்கள். தளம் போடும் நாளில் கான்கிரீட் இடைவிடாமல் வர வேண்டும். ஒரு ரெடிமிக்ஸ் லாரி ஏறத்தாழ 6 கன மீட்டர்தான் கொண்டுவரும் என்பதால், 300 கன மீட்டர் தளத்துக்கு 50 லாரிகள். அவை வரிசையாக நிற்கும் இடம் மனைக்குள் இருக்க வேண்டும், பள்ளி நேரத்தில் வரக் கூடாது என்று நிபந்தனை கேட்பது நியாயமே.

குடிவரப்போகிறவர்களைப் பற்றி மனுவில் ஒரு சொல்கூட வேண்டாம். நாமும் ஒருகாலத்தில் வயலாக இருந்த இடத்தில் வந்து குடியேறியவர்கள்தான். மெட்ரோ வழித்தடத்தை ஒட்டி வீடுகள் கூடுவதில் எனக்கு ஆட்சேபமும் இல்லை.

பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள ஓர் ஊராட்சி. காவல் எல்லை தாம்பரம் ஆணையரகம். எனவே சென்னை மாநகராட்சிக்கு அனுப்பும் மனு சுற்றிவிட்டுத் திரும்பும். எழும்பூரில் உள்ள சி.எம்.டி.ஏ. உறுப்பினர்-செயலருக்கும் தாம்பரம் ஆணையரகத்துக்கும் அனுப்புங்கள். 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில் தள ஆய்வு அறிக்கையையும் காவல்துறைச் சான்றின் நகலையும் கேளுங்கள்; பதிலுக்கு 30 நாட்கள் ஆகும் என்பதால் அதை இன்றே அனுப்பிவிடுங்கள். திட்ட அனுமதி கையெழுத்தான பிறகு பேச மிஞ்சுவது லாரி நேரமும் தடுப்புக் கம்பமும் மட்டுமே.