டாஷ்போர்டைத் தாண்டி: செயலியின் கண்காணிப்புத் தரவைக் கோட் எழுதி எடுப்பது (கேள்வி பதில்)

திருகோணமலையில் மென்பொருள் வேலை பார்க்கிறவர்களும் வளாகத்தில் கணினி படிக்கிற பிள்ளைகளும் அனுப்பிய கேள்விகள் இவை. செயலி எப்படி ஓடுகிறது என்பதைத் திரையில் பார்ப்பதோடு நிற்காமல், அந்தத் தரவையும் பிரொபைல்களையும் (செயலி எந்தக் கோட்டில் நேரம் செலவிடுகிறது என்ற பதிவுகள்) ஸ்கிரிப்ட் எழுதி எடுப்பது எப்படி என்றுதான் அனேகமாக எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். சிலவற்றுக்கு நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். ஆட்கள் அதிகம் சறுக்குவது அந்த இடங்களில்தான்.

உப்புவெளியிலிருந்து: அக்கா, எங்களிடம் கிரஃபானா டாஷ்போர்ட் (கண்காணிப்பு எண்களைக் கிராஃப்களாகக் காட்டும் திரை) இருக்கிறது, வடிவாகவும் இருக்கிறது. பிறகு எதற்குக் கோட் எழுதி எடுக்க வேண்டும்?

டாஷ்போர்டில் இருப்பது, யாரோ முன்கூட்டியே யோசித்து வைத்த கேள்விக்கான விடை. உங்களுடைய கேள்வி வேறாக இருந்தால் அங்கே விடை கிடையாது. நிலாவெளிப் பக்கம் சீசன் தொடங்கியதும் ஹோட்டல் முன்பதிவுத் தளத்தில் தேடல் இழுக்கிறது என்று வைப்போம். வார இறுதியில் மட்டுமா, எல்லா நாளுமா? புதிய பதிப்பு போட்ட நேரத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? இதை இரண்டு கோடுகளைக் கண்ணால் ஒப்பிட்டுச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. கிராஃப், திரையின் அகலத்துக்கு ஏற்றபடி புள்ளிகளைக் குறைத்துத்தான் வரைகிறது. ஒரு மாதத்தை விரித்துப் பார்க்கும்போது இரண்டு நிமிடம் நீடித்த உச்சம் கண்ணில் படாமலே போகலாம். அந்த இரண்டு நிமிடத்தில்தான் உங்கள் வாடிக்கையாளர் பக்கத்தை மூடிவிட்டுப் போயிருப்பார். எண்களைக் கையில் எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

வளாகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் மாணவி: மிஸ், காசு கட்டாமல் எங்கிருந்து தொடங்கலாம்?

செயலிகளின் எண்களைச் சேகரித்து வைக்கும் ப்ரோமீதியஸ் என்ற கண்காணிப்புக் கருவியிலிருந்து தொடங்குங்கள். 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் தொடங்கிய திட்டம் அது. 2016இல், திறந்த மூலத் திட்டங்களைப் பேணும் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் அறக்கட்டளையில் குபர்நெட்டிஸ் என்ற திட்டத்துக்கு அடுத்ததாகச் சேர்ந்தது. திறந்த மூலம், இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். அதோடு வரும் கட்டமைப்புக் கோப்பை மாற்றாமல் ஓடவிட்டாலே 9090ஆம் போர்ட்டில் எழும்பி, தன்னைத்தானே கண்காணிக்கத் தொடங்கிவிடும். ஆகவே பயிற்சிக்குத் தரவு தேடி அலையத் தேவையில்லை.

அதன் ஏபிஐயில் (ஸ்கிரிப்ட் கேள்வி கேட்கும் வாசல்) இரண்டு முகவரிகளை முதலில் பழகுங்கள். 'குவரி' என்பது ஒரு கணத்தின் மதிப்பைத் தரும். 'குவரி ரேஞ்ச்' தொடக்கம், முடிவு, இடைவெளி மூன்றையும் வாங்கிக்கொண்டு வரிசையாகத் தரும். பைதனில் பத்து வரிகூடத் தேவைப்படாது. பதில் ஜேசன் என்ற எழுத்து வடிவத் தரவாக வரும். அதில் ஒவ்வொரு புள்ளியும் நேரமும் மதிப்பும் கொண்ட ஒரு சோடி. மதிப்பு எண்ணாக வராது, மேற்கோள் குறிக்குள் எழுத்தாக வரும். எண் அல்லாத மதிப்பையும் முடிவிலியையும் ஜேசனில் எண்ணாக எழுத வழியில்லை என்பதால் இப்படி. நீங்கள்தான் எண்ணாக மாற்ற வேண்டும். மாற்றும்போது எண் அல்லாத மதிப்பு வந்தால் அதைச் சுழியமாக்கிவிடாதீர்கள். கோரிக்கையே வராத நேரத்தில் சராசரி கேட்டால் சுழியத்தைச் சுழியத்தால் வகுத்த விடைதான் கிடைக்கும். அதைச் சுழியமாக எழுதினால், யாரும் வராத நேரத்தில் உங்கள் தளம் மின்னல் வேகத்தில் ஓடியதாக அறிக்கை சொல்லும்.

கிண்ணியாவிலிருந்து: ஒரு வாரத் தரவைக் கேட்டால் பிழை வருகிறது, ஒரு நாள் என்றால் வருகிறது. ஏன்?

ஒரு தடவை கேட்கும்போது ஒரு தொடருக்கு (ஒரே அளவீட்டின் நேர வரிசை) 11,000 புள்ளிகளுக்கு மேல் ப்ரோமீதியஸ் தராது. நீங்கள் 15 செக்கன் இடைவெளி கேட்டிருந்தால் 11,000 புள்ளி என்பது 45 மணி 50 நிமிடம். ஒரு நாள் அதற்குள் அடங்கும். ஒரு வாரத்துக்கு 40,320 புள்ளி வேண்டும், அதனால்தான் மறுக்கிறது. வாரத்தை நான்கு துண்டாக வெட்டிக் கேளுங்கள், அல்லது இடைவெளியை ஒரு நிமிடமாக்குங்கள். துண்டாக வெட்டினால் எல்லைப் புள்ளி இரண்டு துண்டிலும் வரும், ஒன்றை நீக்கிவிடுங்கள். அப்புறம், தரவு இயல்பாக 15 நாள்தான் தங்கும். ஆறு மாதக் கணக்கு தேவை என்றால் இன்றே தனியாக எடுத்து வைக்கத் தொடங்க வேண்டும்.

உவர்மலையிலிருந்து: தங்கச்சி, நாள் கணக்கு அறிக்கை எங்கள் முன்பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகவே இல்லை. இரவு வந்த கோரிக்கைகள் முந்தைய நாளில் விழுகின்றன.

அண்ணா, இது நேர வலயப் பிரச்சினை. கண்காணிப்புக் கருவிகள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் கணக்கு வைக்கும். நாங்கள் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அவர்களுடைய நாள் எங்களுக்கு விடிய 5.30க்குத்தான் தொடங்குகிறது. ஆகவே நள்ளிரவிலிருந்து விடிய 5.30 வரை வந்ததெல்லாம் முந்தைய நாளில் போய்ச் சேரும். மணிக் கணக்கிலும் இதே வினைதான். அரை மணி மிச்சம் இருப்பதால், யுடிசி 13 மணிக்கான பட்டை எங்களுக்கு மாலை 6.30 முதல் 7.30 வரை. முழு மணி வித்தியாசம் உள்ள நாடுகளில் மணிப் பட்டை தானாகப் பொருந்திவிடும். எங்களுக்குப் பொருந்தாது.

தீர்வு, நாளின் எல்லையை நீங்களே கொடுப்பது. மே 12ஆம் திகதிக்கான மொத்தம் வேண்டுமானால், மே 13 நள்ளிரவு எங்கள் நேரத்தில் நின்று பின்னோக்கி 24 மணிநேரத்தைக் கேளுங்கள். அது யுடிசியில் மே 12 மாலை 18.30. பைதன் 3.9இலிருந்து சோன்இன்ஃபோ என்ற நூலகம் கூடவே வருகிறது. அதில் ஆசியா/கொழும்பு என்று கொடுத்தால் கணக்கை அதுவே பார்க்கும். நேரத்தை எழுத்தாக அனுப்புகிறீர்கள் என்றால் கடைசியில் வரும் +05:30இல் உள்ள கூட்டல் குறியைக் கவனியுங்கள். யூஆர்எல் முகவரியில் அதை அப்படியே ஒட்டினால் மறுபக்கம் இடைவெளியாகப் படிக்கப்படும். ரெக்வெஸ்ட்ஸ் நூலகத்தின் பாராம்ஸ் வழியாக அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

சாம்பல்தீவிலிருந்து: இரண்டு சேர்வர் இருக்கின்றன. இரண்டின் பி95ஐயும் எடுத்துச் சராசரி போட்டு மேலாளருக்கு அனுப்புகிறேன். சரிதானே?

சரியில்லை. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது, ஏனென்றால் நல்ல அனுபவசாலிகளின் அறிக்கைகளிலும் இதைக் காண்கிறேன்.

பி95 என்றால், 100 கோரிக்கையில் 95 இந்த நேரத்துக்குள் முடிந்தது என்று அர்த்தம். கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்ப்போம். முதல் சேர்வருக்கு 960 கோரிக்கைகள் வந்தன, எல்லாமே 0.1 முதல் 0.25 செக்கனுக்குள் முடிந்தன. இரண்டாவதற்கு 40, எல்லாமே 2.5 முதல் 5 செக்கன் வரை இழுத்தன. அந்த எல்லைகளுக்குள் சமமாகப் பரவி இருந்ததாக எடுத்துக்கொண்டால், முதலாவதின் பி95 ஏறத்தாழ 0.24, இரண்டாவதினுடையது ஏறத்தாழ 4.88. சராசரி 2.56 செக்கன் என்று மேலாளருக்குப் போகும்.

இப்போது 1000 கோரிக்கைகளையும் வேகமானதிலிருந்து வரிசையாக நிறுத்துங்கள். 950ஆவது நிற்பது முதல் சேர்வரின் கூட்டத்தில். ஆக, உண்மையான பி95 0.25 செக்கனுக்குள்தான். நீங்கள் அனுப்பியது அதைப்போலப் பத்து மடங்கு. மேலாளர் தேவையில்லாமல் பதறுவார், அடுத்த வாரம் பணம் செலவழித்து இன்னொரு சேர்வர் வாங்குவார்.

அதற்காகத் தளம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. பி99ஐப் பாருங்கள். 990ஆவது கோரிக்கை இரண்டாம் சேர்வரின் 40இல் 30ஆவது, அதாவது முக்கால்வாசி தூரத்தில். 2.5இலிருந்து 5 செக்கன் வரையான நேரப் பெட்டியில் முக்கால் தூரம் என்றால் 4.375 செக்கன். இந்த ஒரு எண்தான் நோய் எங்கே என்று காட்டுகிறது.

இப்படிச் சரியாக எடுக்க, சேர்வர்கள் பி95ஐக் கணக்கிட்டுத் தருவதை வாங்காமல், ஹிஸ்டோகிராம் பெட்டிகளின் எண்ணிக்கையை, அதாவது எந்த நேர எல்லைக்குள் எத்தனை கோரிக்கை முடிந்தது என்பதை, வாங்குங்கள். பெட்டி எல்லையைச் சொல்லும் 'எல்ஈ' லேபலை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாச் சேர்வரின் பெட்டிகளையும் கூட்டி, அதன் பிறகு ஹிஸ்டோகிராம் குவான்டைல் ஃபங்ஷனைப் போடுங்கள். கூட்டுவது முதலில், பெர்சென்டைல் (பி95, பி99 போன்றவை) கடைசியில். பெட்டிக்குள் கோரிக்கைகள் சமமாகப் பரவி இருப்பதாக அந்த ஃபங்ஷன் எடுத்துக்கொள்ளும் என்பதால், பெட்டி அகலமாக இருந்தால் விடையும் தோராயமாகத்தான் இருக்கும். உங்கள் தளத்துக்கு 3 செக்கன்தான் எல்லை என்றால், 3இல் ஒரு பெட்டி எல்லையை வையுங்கள்.

பாலையூற்றிலிருந்து: கோரிக்கை எண்ணிக்கை திடீரென்று சுழியத்துக்கு விழுகிறது. தரவு அழிந்துவிட்டதா?

இல்லை. நீங்கள் பார்ப்பது கவுன்டர் என்ற எண்ணிக்கை அளவீடு. அது ஏறிக்கொண்டே போகும், செயலி மறுபடி தொடங்கும்போது சுழியத்துக்கு வரும். கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழிக்காதீர்கள். ரேட் அல்லது இன்கிரீஸ் ஃபங்ஷனைப் பாவியுங்கள், விழுந்த இடத்தை அவை கவனித்துக்கொள்ளும்.

சீனக்குடாவிலிருந்து: கோ மொழியில் எழுதிய சேவை ஒன்று மெதுவாக இருக்கிறது. பிபிராஃப் என்ற கோ பிரொபைலர் வழியாக சிபியு பிரொபைல் எடுத்தேன். அதில் அனேகமாக ஒன்றுமே இல்லை! பிரொபைலர் பழுதா?

பிரொபைலர் நல்லாத்தான் இருக்கிறது, அது உங்களுக்கு ஒரு பெரிய துப்பைத் தந்திருக்கிறது. சிபியு பிரொபைல் என்பது மாதிரி எடுப்பு. சிபியுவில் செலவான ஒவ்வொரு செக்கனுக்கும் ஏறத்தாழ 100 தடவை, எந்த ஃபங்ஷன் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். 30 செக்கன் எடுத்தால், முழுநேரமும் வேலை செய்த ஒரு கோருக்கு ஏறத்தாழ 3,000 மாதிரி வர வேண்டும். உங்களுக்குச் சில பத்துதான் வந்தது என்றால், செயலி கணக்குப் போட்டு மெதுவாகவில்லை, எதற்கோ காத்திருக்கிறது. தரவுத்தளம், வெளியே உள்ள கட்டணச் சேவை, பூட்டு (ஒரு வேலை முடியும்வரை மற்றதை நிறுத்தி வைப்பது) என்று மூன்றையும் பாருங்கள். கோரூட்டீன் (கோ மொழியில் ஒரே நேரத்தில் ஓடும் சிறு வேலை) பிரொபைலை எடுத்தால் எத்தனை கோரூட்டீன்கள் எந்த வரியில் நிற்கின்றன என்று தெரியும். பூட்டு என்று சந்தேகம் இருந்தால் பிளாக் பிரொபைல் வேண்டும். அது இயல்பாக அணைந்திருக்கும், கோட்டில் இயக்கிவிட வேண்டும்.

இதையும் ஸ்கிரிப்டில் எடுக்கலாம். 30 செக்கன் பிரொபைல் கேட்டால் பதில் வர 30 செக்கன் ஆகும், அதற்கு ஏற்றபடி காத்திருப்பு நேரத்தைக் கூட்டி வையுங்கள். வருவது ஜிசிப்பில் சுருக்கிய புரோட்டோபஃப் கோப்பு. கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண்ணைப் போட்டு, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒன்று சேமியுங்கள். பிறகு பழையதை அடிப்படையாக வைத்துப் புதியதோடு கழித்துக் காட்டும் வசதி பிபிராஃபிலேயே உண்டு. எந்த ஃபங்ஷன் புதிதாக நேரம் தின்கிறது என்று நேராகத் தெரிந்துவிடும்.

தம்பலகாமத்திலிருந்து: எங்களுடையது ஜாவா. அதே மாதிரி ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் அருமையாக. ஜாவாவின் ஃப்ளைட் ரெக்கார்டர் என்ற பதிவுக் கருவி முன்பு கட்டணத்துக்குரிய வசதியாக இருந்தது. 2018இல் ஜாவா 11உடன் திறந்த மூலமாக வந்தது. ஜேசிஎம்டி கட்டளையால் ஓடிக்கொண்டிருக்கும் செயலியிலேயே பதிவைத் தொடங்கலாம், நிறுத்தத் தேவையில்லை. கிடைக்கும் கோப்பை ரெக்கார்டிங்ஃபைல் என்ற வகுப்பால் திறந்து, நிகழ்வு நிகழ்வாக வாசிக்கலாம். ஜாவா 14இலிருந்து ரெக்கார்டிங்ஸ்ட்ரீம் வந்துவிட்டதால், கோப்புக்குக் காத்திராமல் ஓடும்போதே கேட்டுக்கொண்டிருக்கலாம்.

நான் முதலில் பார்ப்பது சாக்கெட் ரீட் (வலையமைப்பு வழியாக வாசிப்பது) நிகழ்வுகளை. எந்த முகவரி, எந்த போர்ட், எவ்வளவு நேரம் என்று மூன்றும் அதில் இருக்கும். போர்ட் வாரியாக நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். தரவுத்தளமா வெளிச்சேவையா என்ற சண்டை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் பல ஜாவா பதிப்புகளில், இயல்பான அமைப்பில் 20 மில்லிசெக்கனுக்குக் குறைந்த வாசிப்புகள் பதிவாகாது. ஒரு பக்கத்துக்கு 5 மில்லிசெக்கன் வீதம் 300 தடவை தரவுத்தளத்தைக் கேட்கிற செயலி, இந்தப் பதிவில் நல்ல பிள்ளையாகத் தெரியும். அந்தச் சந்தேகம் இருந்தால் வரம்பைக் குறைத்து ஒருக்கா எடுங்கள்.

திருக்கடலூரிலிருந்து: டிரேஸ் தரவை (ஒரு கோரிக்கை செயலிக்குள் போன பாதையின் பதிவு) எடுத்து நண்பர்களோடு பகிர்ந்து ஆராயலாமா?

முதலில் அதற்குள் யாருடைய விபரம் இருக்கிறது என்று பாருங்கள். முகவரி வரியில் தொலைபேசி எண், தேடல் பெட்டியில் அடையாள அட்டை எண், பிழைச் செய்தியில் முழுப்பெயர் என்று இவையெல்லாம் சத்தமில்லாமல் டிரேஸுக்குள் போய்விடுகின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், எங்களை நம்பி எண்ணைக் கொடுத்தவர்கள் எங்கள் ஊர்ச் சனம்.

எங்கள் அடையாள அட்டை எண்ணைப் பிடிப்பது சுலபம். பழையது ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும், புதியது பன்னிரண்டு இலக்கம். இரண்டுக்கும் ஒரு ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடும் விதி) எழுதி, சேமிக்கும் முன்பே மறைத்துவிடுங்கள். ஓப்பன்டெலிமெட்ரி (கண்காணிப்புத் தரவைச் சேகரிக்கும் திறந்த மூலக் கருவித் தொகுப்பு) பாவிக்கிறவர்கள் அதன் கலெக்டரிலேயே இதைச் செய்யலாம். சேமித்த பிறகு அழிப்பது கடினம்.

இதோடு சேர்த்து இன்னும் ஒன்று. பிபிராஃப் முகவரியை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். உள்ளூர் முகவரியில் மட்டும் கேட்க வைத்து, எஸ்எஸ்எச் சுரங்கம் (மறைகுறியாக்கிய இணைப்பு) வழியாகப் போய் எடுங்கள். ப்ரோமீதியஸும் நீங்கள் அமைக்காதவரை கடவுச்சொல் கேட்காது. டோக்கன் தருகிற சேவை என்றால் வாசிக்க மட்டும் உரிமையுள்ள டோக்கனை எடுத்து, சூழல் மாறியில் வையுங்கள். கிட் கோட் களஞ்சியத்துக்குள் ஒருபோதும் போடாதீர்கள்.

மூதூரிலிருந்து: எனக்கு மொபைல் டேட்டாதான். ஸ்கிரிப்ட் அடிக்கடி 429 வாங்குகிறது, டேட்டாவும் முடிகிறது.

429 என்றால் அளவுக்கு மேல் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். பதிலின் தலைப்பில் ரிட்ரை ஆஃப்டர் என்று இருந்தால் அது சொல்லும் நேரம் காத்திருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் காத்திருப்பை இரட்டிப்பாக்கி, கொஞ்சம் தற்செயல் நேரத்தையும் சேருங்கள். ஒருமுறை எடுத்த பழைய நாளின் தரவை மறுபடி கேட்காமல் கோப்பில் வைத்திருங்கள்.

டேட்டா செலவுக்கு ஒரே வழி, தரவு இருக்கும் சேர்வரிலேயே ஸ்கிரிப்டை ஓடவிட்டு, விடையை மட்டும் மூதூருக்குக் கொண்டுவருவது. கூட்டல், பெர்சென்டைல் எல்லாவற்றையும் குவரிக்குள்ளேயே முடித்தால் ஒரு நாள் அறிக்கை சில கிலோபைட்தான். அதை நள்ளிரவு சரியாக 12க்கு ஓடவிடாமல் 12.10 போல வையுங்கள். கடைசி நிமிடத் தரவு வந்து சேர நேரம் கிடைக்கும், எல்லாருடைய கிரானும் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகள்) ஒன்றாக முட்டும் நேரமும் தாண்டிவிடும்.